மீண்டும் வருவதே தலைமை

சென்ற ஆண்டு சமூகப் பணி வாரத்தின்போது எங்கள் வகுப்பினர் இருபத்திரண்டு பேர், குன்னூருக்குக் கீழே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திற்குச் சென்றோம். குறிப்பேடுகளையும் பென்சில்களையும் பழைய கம்பளிச் சட்டைகளையும் மூட்டையாகக் கட்டி எடுத்துச் சென்றிருந்தோம். லைன் வீடுகளை அடுத்து, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே சிறியதொரு மைதானம் இருந்தது. அதில் பையன்கள் பந்தாடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில், ஆறாம் வகுப்புப் படிக்கும் வயதுள்ள ஒரு சிறுமி தன் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பந்து கோட்டைத் தாண்டி அவள் பக்கம் உருண்டு வந்தது. தம்பியைக் கீழே இறக்காமலே, வெறுங்காலால் அவள் அதை உதைத்தாள். பந்து ஆடுகிறவர்களின் தலைக்கு மேலே சென்று, எதிர்க்கோடியில் நின்ற கோல்கீப்பரின் கைகளில் விழுந்தது.

"நீயும் ஆடுவியா?" என்று கேட்டோம்.

"இல்லைக்கா. இது அண்ணன்களோட கிரவுண்டு" என்றாள்.

நாங்கள் சிரித்தோம். அவளுக்கும் ஒரு குறிப்பேடு கொடுத்தோம். எல்லோருமாக நின்று படம் எடுத்துக்கொண்டோம். வேனில் ஏறும்போது அவள் அருகில் வந்து, "மறுபடி எப்ப வருவீங்கக்கா?" என்று கேட்டாள். "சீக்கிரம் வருவோம்" என்று சொன்னோம். ஆனால் போகவில்லை. நாங்கள் எடுத்துக்கொண்ட படம் மட்டும் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் மூன்று மாதம் இருந்தது. அதன் கீழே "தலைமைப் பண்பும் தொண்டும்" என்று அழகிய எழுத்தில் எழுதியிருந்தோம்.

அந்தத் தலைப்பைப் பற்றித்தான் இக்கட்டுரையில் எழுத விரும்புகிறோம்.

தலைமை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது யாது? மாணவர் தலைவியின் பட்டை, இல்லத் தலைவியின் கொடி, ஆண்டு விழா மேடையில் ஒலிபெருக்கி முன் நிற்கும் இடம். இவற்றை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இவை யாவும் ஒரு நாள் அணிந்து மறுநாள் கழற்றி வைக்கக்கூடியவை. விளையாட்டுத் திடலில் தலைமை வேறு விதமாகத் தெரிகிறது. முதலில் வந்து கற்களைப் பொறுக்குகிறவள் யார்? பந்தில் காற்று இருக்கிறதா என்று பார்க்கிறவள் யார்? ஆடத் தெரியாதவளையும் பெயர் சொல்லி உள்ளே அழைக்கிறவள் யார்? எல்லோரும் போன பிறகு பந்தைத் துடைத்துப் பையில் போடுகிறவள் யார்? அடுத்த வாரமும் வந்து இவை அனைத்தையும் அலுக்காமல் செய்கிறவள் எவளோ, அவளே தலைவி என்பது எங்கள் கருத்து. ஒரு முறை போவது வெறும் வருகையாகும். மீண்டும் மீண்டும் போவதே தொண்டு.

கால்பந்தை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சிலர் கேட்கலாம். காரணம் எளிது. மட்டை, வலை, தடுப்பு உறை என எதுவும் இல்லாமல் ஒரே ஒரு பந்தைக் கொண்டு இருபது பேர் ஆடக்கூடிய விளையாட்டு இது. முறையான ஆடுகளத்திற்குக் குறைந்தது 90 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் வேண்டும். நம் மலையில் அத்தகைய சமதளம் எளிதில் கிடைக்காது. கிடைக்கும் இடத்திலெல்லாம் தேயிலையோ, கேரட்டோ, கட்டடமோ இருக்கிறது. ஆயினும் ஒரு கூடைப்பந்துத் திடலின் அளவு, அதாவது 28 மீட்டருக்கு 15 மீட்டர் இருந்தால் போதும்; பக்கத்திற்கு நால்வராகச் சிறுமியர் நன்றாகவே ஆடலாம். பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் பந்துக்குப் பதிலாக, சற்றுச் சிறிய நான்காம் எண் பந்து அவர்கள் காலுக்கு ஏற்றது. கோல் கம்பத்திற்கு இரண்டு கற்கள் போதும். ஆகவே குறை இருப்பது பொருளில் இல்லை. இடம் கொடுக்கும் மனத்திலும், வந்து நிற்கும் ஆளிலுமே இருக்கிறது.

பெண்களுக்கு இந்த விளையாட்டில் இடம் மறுக்கப்பட்ட கதை மிகப் பழையது. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் பிரெஸ்டன் நகரத்து டிக் கெர் தொழிற்சாலையில் போர்த் தளவாடங்கள் செய்த பெண்கள், ஓய்வு நேரத்தில் கால்பந்து ஆடத் தொடங்கினார்கள். 1917ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, காயமுற்ற போர்வீரர்களின் மருத்துவமனைக்கு நிதி திரட்ட அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பதினாயிரம் பேர் கண்டனர். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் அவர்கள் ஆடியபோது 53,000 பேர் திரண்டனர். கூலி வேலை செய்த பெண்கள் தங்கள் கால்களால் ஆயிரக்கணக்கான பவுன் திரட்டித் தருமத்திற்கு அளித்தனர். இதைவிடச் சிறந்த தொண்டு உண்டோ? ஆயினும் 1921 டிசம்பர் 5 அன்று, கால்பந்து பெண்களுக்கு ஏற்றதன்று என்று கூறிய ஆங்கிலக் கால்பந்துச் சங்கம், தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களில் அவர்கள் ஆடக்கூடாது என்று தடை விதித்தது. அத்தடை முழுவதும் நீங்க 1971 வரை ஆயிற்று. பந்தை யாரும் அவர்களிடமிருந்து பிடுங்கவில்லை. மைதானத்தின் கதவைத்தான் மூடினார்கள். "இது அண்ணன்களோட கிரவுண்டு" என்று குன்னூர்ச் சரிவில் ஒரு சிறுமி சொன்னபோது, அந்தக் கதவு இங்கும் மூடியிருப்பது எங்களுக்கு அன்று விளங்கவில்லை, இன்று விளங்குகிறது.

நம் நாட்டில் 1975இல் மகளிர் கால்பந்துக்கெனத் தனிக் கூட்டமைப்பு ஏற்பட்டது. கூடலூர் வழியாக மலை இறங்கினால் சென்று சேரக்கூடிய கோழிக்கோட்டிலேயே 1980இல் ஆசிய மகளிர் போட்டி நடந்தது. அதில் இந்திய மகளிர் இரண்டாம் இடம் பெற்றார்கள். 1983இலும் அவ்வாறே பெற்றார்கள். அவ்வணியில் ஆடிய சாந்தி மல்லிக், அர்ஜுனா விருது பெற்ற முதல் கால்பந்து வீராங்கனை ஆனார். பின்னர் நீண்ட காலம் தேக்கம். 2025 ஜூலையில் தாய்லாந்து அணியை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என்ற கணக்கில் வென்று, தகுதிச் சுற்றின் வழியாக ஆசியக் கோப்பைக்கு முதன்முறையாக இந்திய மகளிர் தகுதி பெற்றார்கள். இரண்டு கோல்களையும் அடித்தவர் சங்கீதா பாஸ்போர். ஆகவே, பெண்களுக்கு இவ்விளையாட்டு வருமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. சிறு வயதில் அவர்களுக்குப் பந்தைக் காட்டுகிறவர் யார் என்பதே எஞ்சியுள்ள கேள்வி.

நம் தமிழ்நாட்டையே பார்ப்போம். 2004 டிசம்பர் 26 அன்று கடலூர்க் கரையில் ஆழிப்பேரலை எத்தனையோ குடும்பங்களைச் சிதைத்தது. அங்கே அரசு இல்லத்தில் சேர்க்கப்பட்ட சிறுமியர்க்கு மாரியப்பன் என்னும் பயிற்சியாளர் கால்பந்து கற்பித்தார். ஒரு நாள் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனவர் அல்லர் அவர். ஆண்டுக்கணக்கில் திடலுக்கு வந்தார். 2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில் மணிப்பூர் அணியை 2-1 என்று வென்று தமிழக மகளிர் தேசிய வாகையர் ஆனபோது, அவ்வணியில் கடலூர்ப் பெண்கள் பலர் இருந்தனர். அவ்வூரின் இந்துமதி கதிரேசன் இந்திய அணியில் ஆடியதோடு, தமிழகக் காவல் துறையில் உதவி ஆய்வாளர் பணியும் ஏற்றார். 2023இல் தமிழகம் மீண்டும் அப்பட்டத்தை வென்றது. கடல் எடுத்துக்கொண்டதைப் பந்து திருப்பித் தரும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் எல்லாம் இழந்த ஒரு குழந்தைக்கு, "நாளை மாலை ஐந்து மணிக்கு உனக்காக ஒருவர் காத்திருப்பார்" என்ற உறுதி எவ்வளவு பெரிது என்பதை எண்ணிப் பாருங்கள்.

சென்னை வியாசர்பாடியிலும் இதே கதைதான். ஏழ்மையும் சண்டையும் மிகுந்த இடம் என்று மற்றவர்கள் ஒதுக்கிய பகுதியில், அங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர்கள் 1990களின் பிற்பகுதியில் சிறுவர்களைத் திரட்டிப் பந்தாட்டமும் பாடமும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தத் தெருக்களில் வளர்ந்த நந்தகுமார் சேகர் 2023இல் இந்திய அணிக்காக ஆடினார். அவர் பெயரை நாடு அறியும். ஆனால் அவருக்கு முதன்முதலில் பந்தை உருட்டிக் காட்டிய அக்கம்பக்கத்து அண்ணன்களின் பெயரை எத்தனை பேர் அறிவர்? அடிப்படைக் கால்பந்து என்பது இத்தகைய பெயர் தெரியாதவர்களின் தோளில்தான் நிற்கிறது.

பந்தை உதைப்பது மட்டுமே இவ்விளையாட்டில் பங்கு பெறும் வழி என்றும் எண்ண வேண்டா. திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி 2016இல் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் நடுவராக அங்கீகாரம் பெற்றார். கையில் விசிலோடு திடலின் நடுவே நிற்கும் தமிழ்ப் பெண்ணைக் காணும் ஒரு சிறுமி, இந்த மைதானம் தனக்கும் உரியது என்பதை யாரும் சொல்லாமலே அறிந்துகொள்வாள்.

"அவர்களெல்லாம் பெரியவர்கள், பயிற்சி பெற்றவர்கள், பள்ளி மாணவியரால் என்ன செய்ய முடியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகளைக் கூற விரும்புகிறோம்.

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் தலைநகரான நைரோபியில் மதாரே என்னும் பெரும் குடிசைப் பகுதி இருக்கிறது. 1987இல் அங்கே தோன்றிய இளைஞர் விளையாட்டுச் சங்கம் ஒரு புதுமையான விதி வகுத்தது. ஆட்டத்தில் வென்றால் புள்ளிகள் கிடைப்பது போலவே, தெருவிலும் சாக்கடையிலும் தேங்கிய குப்பையை அணியாகச் சேர்ந்து அகற்றினாலும் புள்ளிகள் கிடைக்கும். 1992இல் சிறுமியரும் சேர்க்கப்பட்டனர். போட்டிகளை ஒழுங்கு செய்வது, நடுவராக இருப்பது, சிறியோர்க்குக் கற்பிப்பது முதலிய பணிகளை அங்குள்ள இளையவர்களே பார்த்தார்கள். அவ்வாறு உழைத்தவர்க்குக் கையில் பணம் தராமல், அவர்களுடைய பள்ளிக் கட்டணத்தைச் சங்கம் பள்ளிக்கே செலுத்தியது. அந்தக் குடிசைப் பகுதியிலிருந்து எழுந்த மதாரே யுனைடெட் அணி 2008இல் கென்யாவின் முதல்நிலைப் போட்டியில் வாகை சூடியது. ஆனால் அந்தக் கோப்பையைவிட, பதினாறு வயதுப் பிள்ளையை நம்பி ஒரு பொறுப்பை ஒப்படைக்கலாம் என்று அச்சங்கம் காட்டியதே பெரிது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டில் ஜார்க்கண்ட் மாநிலத்தில், ராஞ்சிக்கு அருகிலுள்ள சிற்றூர்களில் 2009 முதல் யுவா என்னும் அமைப்பு சிறுமியர்க்குக் கால்பந்து கற்பித்து வருகிறது. சிறு வயதிலேயே திருமணம் செய்து வைக்கும் வழக்கம் மிகுந்த ஊர்கள் அவை. அங்கே ஆடிப் பழகிய பெரிய பெண்களே சிறிய பெண்களுக்குப் பயிற்சியாளர்கள். 2013இல் அச்சிறுமியர் ஸ்பெயின் நாடு சென்று ஆடி ஒரு போட்டியில் மூன்றாம் இடம் பெற்றார்கள். 2019இல் அவ்வமைப்புக்கு லாரியஸ் விருது கிடைத்தது. தினமும் திடலுக்கு வரும் ஒரு பெண், ஒரு நாள் வராவிட்டால் அவள் வீட்டுக்கே தேடிப் போகத் தோழியர் இருக்கிறார்கள் என்பதில்தான் அவ்வணியின் வலிமை இருக்கிறது.

நம் அருட்சகோதரிகள் அடிக்கடி நினைவூட்டும் புனித ஜான் போஸ்கோவின் வரலாறும் இதையே கூறுகிறது. 1841 முதல் இத்தாலியின் தூரின் நகரில், வேலை தேடி வந்து தெருவில் திரிந்த சிறுவர்களை அவர் ஆட்டத்தாலும் அன்பாலும் ஒன்றுசேர்த்தார். 1859இல் அவர் தம் சபையைத் தொடங்கியபோது உடன் நின்ற பதினேழு பேருள் பெரும்பாலோர், அவருடைய விளையாட்டுத் திடலில் வளர்ந்த இளைஞர்களே. யாருக்குத் தொண்டு செய்தாரோ அவர்களையே தொண்டர்களாக ஆக்கினார்.

இனி நம் மலைக்குத் திரும்புவோம். இவ்வாண்டு ஆகஸ்டு மாதம், பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்த நாங்கள், தலைமையாசிரியையிடம் அனுமதி கேட்டோம். தோட்ட அலுவலகமும் இசைவு தந்தது. உடற்பயிற்சி ஆசிரியை உடன்வர, சனிக்கிழமைதோறும் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை அதே மைதானத்திற்குப் போவதென்று முடிவாயிற்று. மாலை நேரத்தை வேண்டுமென்றே விலக்கினோம். இருட்டினால் காட்டெருமைகள் இறங்கும் பாதை அது. சிறுத்தை நடமாட்டமும் உண்டு.

முதற் சனிக்கிழமை நான்கு சிறுமியர் மட்டுமே வந்தனர். எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏன் மற்றவர்கள் வரவில்லை என்று வீடு வீடாகக் கேட்டோம். ஓர் அம்மா வாசலில் நின்று சொன்ன விடை எங்கள் கண்ணைத் திறந்தது: "சனிக்கிழமையும் எங்களுக்குக் கொழுந்து எடுக்கிற வேலை இருக்கு கண்ணு. பெரிய பிள்ளை பந்தாடப் போயிட்டா சின்னதை யாரு பார்ப்பா? தண்ணி யாரு பிடிப்பா?"

தோட்டங்களில் குழந்தைகள் காப்பகமும் தொழிலாளர்க்கும் பிள்ளைகளுக்கும் விளையாட்டு வசதியும் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே கூறியது. ஆகவே அந்த மைதானம் யாரோ இரங்கிக் கொடுத்த பரிசு அன்று. கொழுந்துக் கூடை சுமக்கும் தாயின் உழைப்பில் அவள் மகளுக்கும் பங்குண்டு. அந்த மைதானத்திலும் பங்குண்டு. ஆனால் இடுப்பில் தம்பி இருக்கும்வரை சட்டம் அவள் காலுக்கு எட்டாது.

மூன்றாம் வாரம் ஒரு மாற்றம் செய்தோம். "தம்பி தங்கையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றோம். எங்களுள் ஒருத்தி, பள்ளிக் கால்பந்து அணியில் சிறப்பாக ஆடுகிறவள், அன்று பந்தைத் தொடவே இல்லை. ஜமக்காளம் விரித்து, ஆறு குழந்தைகளை உட்கார வைத்துக் கதை சொல்லி, மூக்குத் துடைத்து, பிஸ்கட் கொடுத்து, இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டாள். அன்று பதினொரு சிறுமியர் ஆடினார்கள். ஒருத்தி ஆடாததனால் பதினொருவர் ஆடினர். தலைமை என்றால் என்ன என்று எவரேனும் எங்களைக் கேட்டால், அந்த ஜமக்காளத்தைத்தான் காட்டுவோம்.

பையன்கள் முதலில் முணுமுணுத்தார்கள். அவர்களோடு சண்டையிடவில்லை; பேசினோம். சனிக்கிழமை பத்து முதல் பன்னிரண்டு வரை சிறுமியர்க்கு, மற்ற நேரமெல்லாம் அவர்களுக்கு என்று உடன்பாடு ஆயிற்று. இப்போது அவர்களுள் இருவர், சரிவில் உருண்டு தேயிலைக்குள் போகும் பந்தை எடுத்துத் தருகிறார்கள். "அண்ணன்களோட கிரவுண்டு" என்று சொன்ன சிறுமியின் சொந்த அண்ணனும் அவர்களுள் ஒருவன்.

இவ்வளவும் கூறிய நாங்கள் எங்கள் குற்றத்தையும் கூறியாக வேண்டும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வுக்கு முந்திய சனிக்கிழமை நாங்கள் போகவில்லை. போகவில்லை என்று சொல்லியும் அனுப்பவில்லை. அடுத்த வாரம் சென்றபோதுதான் தெரிந்தது: ஒன்பது சிறுமியர் தம்பி தங்கையரோடு பத்து மணி முதல் ஒரு மணி வரை தூறலில் காத்திருந்திருக்கிறார்கள். அவர்கள் ஒன்றும் குறை சொல்லவில்லை. "பரீட்சையாக்கா?" என்று மட்டும் கேட்டார்கள். அதைவிட அவர்கள் கோபித்திருக்கலாம். அன்று நாங்கள் ஒரு விதி செய்துகொண்டோம்: மழையோ தேர்வோ திருவிழாவோ, இருவராவது ஆசிரியையோடு போக வேண்டும், முடியாவிட்டால் முதல் நாளே தகவல் சொல்ல வேண்டும். தொண்டர்க்கு ஊதியம் இல்லை என்பது உண்மை. அதனால் பொறுப்பும் இல்லை என்று எண்ணுவது பெரும் தவறு. இலவசமாகக் கொடுத்த வாக்கும் வாக்குத்தான்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். மதிப்பெண் குறையும் என்று நீங்கள் அஞ்சுகிறீர்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் குறைவதால் மதிப்பெண் குறையுமானால், அதற்குக் காரணம் பந்தாக இராது. வெயிலில் நிறம் கறுக்கும், முழங்காலில் தழும்பு விழும், நாளை சம்பந்தம் பேச வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்றும் சில வீடுகளில் பேசுகிறார்கள். தாயார்களே, கொழுந்து எடுக்கும் பெண்ணின் கைத்தழும்புகள் அல்லவோ நம் மாவட்டத்தை வாழ வைக்கின்றன? தழும்பைக் குறை என்று மகளுக்குக் கற்பிக்காதீர்கள். பாதுகாப்பைப் பற்றிய உங்கள் கவலையோ முற்றிலும் நியாயமானது. ஆகையால்தான் ஆசிரியை இல்லாமல் போவதில்லை, தனியாக யாரும் போவதில்லை, பகலிலேயே திரும்புகிறோம், முதலுதவிப் பெட்டி இல்லாமல் வேன் புறப்படுவதில்லை.

மற்றொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் தொண்டைக் காரணம் காட்டி, கடமை உள்ளவர்கள் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. பயிற்சி பெற்ற, ஊதியம் பெறும் பெண் பயிற்சியாளர்கள் நம் மலைக்குத் தேவை. சிற்றூர்தோறும் சமன் செய்த ஒரு திடல் தேவை; அதன் அருகே பெண்கள் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை தேவை. வயது வந்த பெண்கள் ஆட்டத்தை விட்டு நின்றுவிடுவதற்கு இக்குறையும் ஒரு பெரிய காரணம் என்பதைக் கூச்சமின்றிக் கூறுகிறோம். இவற்றையெல்லாம் பள்ளி மாணவியரால் செய்து தர இயலாது. பதினேழு வயதுத் தொண்டர், பயிற்சியாளர் வரும்வரை பந்து நின்றுவிடாமல் பார்த்துக்கொள்பவரே அன்றி, பயிற்சியாளர்க்கு மாற்று அல்லர்.

நாம் கொடுக்கிறோம், அவர்கள் பெற்றுக்கொள்கிறார்கள் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். வெறுங்காலோடு அச்சிறுமி உதைக்கும் பந்தைத் தடுக்க எங்கள் பள்ளி அணியின் கோல்கீப்பராலேயே முடியவில்லை. சரிவில் ஓடிப் பழகிய அவர்கள் மூச்சு வாங்குவதற்குள் நாங்கள் நான்கு முறை நின்றுவிடுகிறோம். நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை, விசிலை அவள் கையில் கொடுத்து, "இன்றைக்கு நீதான் நடுவர்" என்றோம். முதலில் ஊதவே வெட்கப்பட்டாள். பிறகு எங்களுள் ஒருத்தி பந்தைக் கையால் தொட்டதும், மலையே எதிரொலிக்க ஊதினாள். எங்கள் முறையீட்டை அவள் ஏற்கவில்லை. அவள் தீர்ப்பு சரியானதே.

அன்புத் தங்கையரே, இக்கட்டுரையின் நோக்கம் எங்கள் பெருமையைப் பேசுவதன்று. மார்ச் மாதத் தேர்வு முடிந்ததும் நாங்கள் இப்பள்ளியை விட்டுப் பிரிகிறோம். கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் மேற்படிப்புக்குச் செல்கிறவர்கள் எங்களுள் பலர். நாங்கள் போனதும் இப்பணி நின்றுவிடுமானால், நாங்கள் செய்தது தலைமையே ஆகாது. சென்ற ஆண்டு ஒரே நாளில் உடைத்த வாக்கை, இவ்வாண்டு சற்று நீண்ட காலம் எடுத்துக்கொண்டு உடைத்தவர்கள் ஆவோம்.

ஆகவே ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புத் தங்கையரைக் கேட்கிறோம். உங்களுள் எட்டுப் பேர் வேண்டும். நன்றாக ஆடத் தெரிய வேண்டும் என்பதில்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர், பெயர்ப் பதிவேடு எழுத ஒருவர், முதலுதவிக்கு ஒருவர், கற்களைப் பொறுக்க எல்லோரும். சனிக்கிழமை காலை தூக்கத்தை விடத் தயாராக இருக்க வேண்டும். சொன்ன நாளில் வர வேண்டும். உடற்பயிற்சி ஆசிரியையிடம் பெயர் கொடுங்கள். பிப்ரவரி மாதத்து நான்கு சனிக்கிழமைகளும் எங்களோடு வந்து பாருங்கள். மூன்று பந்துகளும், காற்றடிக்கும் பம்பும், ஜமக்காளமும், பதினான்கு சிறுமியரின் பெயர்கள் அடங்கிய பதிவேடும் உங்களிடம் ஒப்படைக்கப்படும்.

சென்ற சனிக்கிழமை வேனில் ஏறும்போது, நடுவராக நின்ற சிறுமி வழக்கம்போல் அருகில் வந்தாள். "ஜூன் மாசமும் வருவீங்கதானேக்கா?" என்று கேட்டாள்.

இம்முறை நாங்கள் உடனே விடை சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர்